கிரீஸுக்குள் பித்தளை

டாக்டரம்மா போய் வெகுநேரமாகியும் அந்தப் பூட்டை அவள் தொடவில்லை.

மேஜைமேல் பழைய செய்தித்தாள் விரித்து, அதன்மேல் வைத்திருந்தாள். கையகலத்தில் கனத்த இரும்புப் பூட்டு. சாவித் துவாரத்தைச் சுற்றி நெய்ப்பிசுக்காக ஒரு கறுப்பு, அதில் ஒட்டிய தூசி, பஞ்சு, தலைமுடி. பூட்டு இறுகும்போதெல்லாம் கையில் கிடைத்த எண்ணெயை யாரோ விட்டிருக்கிறார்கள். ஒருவர்கூட ஒருநாளும் துடைத்ததில்லை. அவளிடம் வரும் பூட்டுகளில் முக்கால்வாசி இப்படிச் சீரழிந்தவைதான்.

தெருவே அவளைப் பூட்டக்கா என்றுதான் கூப்பிடும். வயதில் மூத்தவர்கள்கூட அப்படித்தான். வீட்டு முன்னறையே கடை. ஷட்டரைத் தூக்கினால் கடை, இறக்கினால் வீடு. பூட்டு பழுது பார்ப்பது, மாற்றுச்சாவி வெட்டுவது, துருப்பிடித்த கீல், தையல் மெஷின் பாகம், சைக்கிள் செயின் என்று கறை பிடித்த எதையும் கழுவிக் கொடுப்பது. அவள் விரல் நகங்களில் எப்போதும் ஒரு கறுப்புக் கோடு இருக்கும். மகள் பள்ளிக்கூடத்தில் கேலி செய்கிறார்கள் என்று ஒருமுறை நகச்சாயம் பூசிப் பார்த்தாள். சாயம் மண்ணெண்ணெயில் கரைந்தது, கோடு அப்படியே இருந்தது.

பழகிய வேலைதான். ஆனால் இந்தப் பூட்டு அவள் தம்பியின் தலைக்குமேல் தொங்கிக்கொண்டிருந்தது.

இரண்டு தெரு தள்ளி இருக்கும் ஆஸ்பத்திரியில் மருந்து அறைக்குப் பொறுப்பு அவள் தம்பி. அந்த அறைக்குள் ஓர் இரும்பு அலமாரி. அதற்குள் ஆபரேஷன் செய்தவர்களுக்கும் தீராத நோயாளிகளுக்கும் போடும் வலி ஊசி மருந்து. அலமாரிக்கு இரண்டே சாவி. ஒன்று டாக்டரம்மாவிடம், ஒன்று தம்பியிடம். மருந்து காணாமல் போயிருக்கிறது. தம்பியை வீட்டிலேயே இருக்கச் சொல்லிவிட்டார்கள். நாளை போலீஸ்.

காலையில் டாக்டரம்மா தானே காரை ஓட்டிக்கொண்டு வந்து இறங்கியபோது பூட்டக்காவுக்குக் கை ஓடவில்லை, கால் ஓடவில்லை.

"கம்பி விட்டு நெம்பித் திறந்திருக்காங்களா, சாவி போட்டுத் திறந்திருக்காங்களா? அது மட்டும் சொல்லு. சாயங்காலம் வர்றேன்" என்று பூட்டையும் தன் சாவியையும் மேஜைமேல் வைத்தார் டாக்டரம்மா.

"என் தம்பி மேல சந்தேகப்பட்டுக்கிட்டு என்கிட்டயே கொண்டு வர்றீங்களேம்மா. நான் அவனுக்குச் சாதகமாச் சொல்லமாட்டேன்னு எப்படி நம்புறீங்க?"

"நம்பல. ஆனா நீ பொய் சொன்னா உன் மூஞ்சி காட்டிக் குடுத்துடும். உன் தம்பி மூஞ்சியில ஒண்ணும் தெரிய மாட்டேங்குது. அதான் உன்கிட்ட வந்தேன்."

சொல்லிவிட்டுப் போய்விட்டார். அந்த வார்த்தை மட்டும் கடைக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருந்தது.

பின்னறைக் கதவு திறந்தது. தம்பி வந்தான். இரண்டு நாள் தாடி. கையில் டீ.

"குடிக்கா. ஆறிடும்."

டம்ளரை வைத்தவன் போகவில்லை. பூட்டையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"அக்கா, வழக்கமா என்ன பண்ணுவே? பிரிச்சு மண்ணெண்ணெய்ல போட்டுடுவேல்ல?"

"ஆமா."

"அப்படியே பண்ணு. நல்லா ஊறவச்சு, கம்பி பிரஷ் போட்டுத் தேய்ச்சு, பளிச்சுன்னு ஆக்கிடு. நெம்பித் திறந்த மாதிரிதான் இருந்துச்சுன்னு சொல்லிடு."

அவள் நிமிர்ந்தாள்.

"ஏன்டா? நீ எடுத்தியா?"

"எடுக்கல."

"எடுக்காதவன் எதுக்குடா கழுவச் சொல்றே?"

"சொன்னாக் கேளுக்கா. கிண்டிப் பார்க்காதே. சில சமயம் தெரியாம இருக்கிறதே நல்லது."

"எனக்குப் பாடம் நடத்துறியா? போய்ப் படு போ."

அவன் போகவில்லை. ஷட்டருக்குப் பக்கத்தில் கிடந்த ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டான். சரி, இருந்துவிட்டுப் போகட்டும் என்று அவள் வேலையை ஆரம்பித்தாள்.

பூட்டின் முதுகுத் தகட்டைப் பிடித்திருந்த ஆணிகளின் தலையை அரத்தால் ராவினாள். உளியை வைத்து இரண்டு தட்டு. தகடு விட்டுக்கொடுக்கவில்லை. உள்ளேயிருந்த பழைய கிரீஸ் பசைபோல் பிடித்துக்கொண்டிருந்தது. மெல்லிய கத்தி நுனியைச் சுற்றிலும் ஓட்டி நெம்பியதும் 'ச்சக்' என்று ஒரு சத்தத்தோடு வந்தது. கூடவே எண்ணெய்ச் சிக்கு வாடை முகத்தில் அடித்தது.

உள்ளே தகடு தகடாக அடுக்கு. சாவி சரியாகப் போனால் அத்தனை தகடும் ஒரே உயரத்துக்குத் தூக்கி வழிவிடும். இப்போது எது தகடு, எது ஸ்பிரிங் என்றே தெரியவில்லை. எல்லாமே ஒரே கறுப்புக் களி.

காலடியில் மண்ணெண்ணெய் டப்பா இருந்தது. வேறொரு நாளாக இருந்தால் மொத்தத்தையும் அதற்குள் தள்ளிவிட்டு டீயைக் குடிக்கப் போயிருப்பாள். ஊறிய பிறகு பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்து, சோடாத்தூள் போட்ட வெந்நீரில் அலசி, வெயிலில் காயவைத்தால் புதுசுபோல் வந்துவிடும்.

இன்று டப்பாவை மூடி ஓரமாகத் தள்ளினாள். வெள்ளைப் பீங்கான் தட்டு ஒன்றை எடுத்து வைத்துக்கொண்டாள். ஒரு மரச் சிம்பைச் சீவி, ஒவ்வொரு தகடாக எடுத்து, மேலிருந்த பிசுக்கை வழித்துத் தட்டில் தேய்த்தாள். குழந்தைக்குக் காதுக்குறும்பி எடுப்பதுபோல அத்தனை பதமாக எடுத்தாள். இரும்பு இரும்பைத் தின்று விழுந்த தூள், மணல், ஓர் எறும்பின் செத்த உடம்பு. நெம்பித் திறந்திருந்தால் தகடுகளின் ஓரத்தில் தாறுமாறாகக் கீறல் இருக்க வேண்டும். இல்லை. ஒன்றுகூட இல்லை.

சாவி போட்டுத்தான் திறந்திருக்கிறார்கள்.

அவள் தம்பியைப் பார்த்தாள். அவன் தரையைப் பார்த்தான்.

இருதலைக் கொள்ளி எறும்பாகக் கொஞ்சநேரம் உட்கார்ந்திருந்தாள். பிறகு என்ன தோன்றிற்றோ, காந்தத்தை எடுத்துக் காகிதத்தில் சுற்றித் தட்டின்மேல் மெதுவாக ஓட்டினாள். இரும்புத்தூள் எல்லாம் முள்ளம்பன்றி மாதிரி சிலிர்த்துக்கொண்டு காந்தத்தோடு போயிற்று.

போகாமல் சில துகள்கள் தட்டிலேயே தங்கின.

பூதக்கண்ணாடியை எடுத்தாள். கறுப்புக் களிக்கு நடுவே மஞ்சளாக மினுங்கின.

பித்தளை.

அவசரமாக டாக்டரம்மாவின் சாவியை எடுத்துத் துடைத்துப் பார்த்தாள். இரும்பு. தம்பியிடம் இருந்த சாவியை அவளே பலமுறை பார்த்திருக்கிறாள், அதுவும் இரும்பு. பூட்டுக்குள்ளும் பித்தளை என்று ஒரு துண்டு கிடையாது. அப்படியானால் இந்தத் துகள் மூன்றாவது ஒரு சாவியிலிருந்துதான் உதிர்ந்திருக்க வேண்டும்.

"டேய்!" என்று கத்தியே விட்டாள். "தப்பிச்சேடா! மாற்றுச்சாவி போட்டிருக்கான் எவனோ. பித்தளைச் சாவி. உன் சாவி இல்ல. இதோ பாரு, இதோ!"

தம்பி எழுந்து வந்தான். தட்டைப் பார்த்தான். சந்தோஷப்படவேண்டியவன் ஓர் எட்டு பின்வாங்கினான்.

"அதைத் துடைச்சுடுக்கா" என்றான்.

"பைத்தியமாடா உனக்கு? உன்னைக் காப்பாத்தப்போறதே இதுதான்."

"யாரைக் காப்பாத்தும், யாரை மாட்டிவிடும்னு உனக்குத் தெரியுமா?"

அவன் குரல் உடைந்த விதம் அவளை நிறுத்தியது. மறுபடி தகடுகளிடம் போனாள். ஒவ்வொன்றையும் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தாள். சாவி உரசும் விளிம்பில், கறுப்பை வழித்த இடத்தில், மயிரிழைபோல் ஒரு மஞ்சள் கோடு. அடுத்த தகட்டிலும் அதே இடத்தில் அதே கோடு. அதற்கடுத்ததிலும்.

சாவியின் வெட்டில் எங்கோ ஒரு சிறு மேடு துருத்திக்கொண்டிருந்திருக்கிறது. அதுதான் போகும்போதும் வரும்போதும் உரசிக் கோடு போட்டிருக்கிறது.

அது அவளுக்குத் தெரிந்த மேடு.

மூலையில் இருந்த சாவி வெட்டும் மெஷினிடம் போனாள். வெட்டாத பித்தளைச் சாவி ஒன்றைப் பூட்டி, பக்கத்தில் டாக்டரம்மாவின் சாவியைப் பொருத்தி, மெஷினை ஓட்டினாள். கிறீச்சென்று மஞ்சள் தூள் பறந்தது. வெட்டி முடிந்த சாவியைக் கட்டைவிரலால் தடவினாள். வெட்டின் நடுவே சின்னதாக ஒரு நெருடல். மெஷின் சக்கரத்தில் ஒரு பல் நுனி போய்விட்டது. புதுச் சக்கரம் வாங்க வேண்டும் என்று போன மழைக்காலத்திலிருந்து சொல்லிக்கொண்டிருக்கிறாள். அதுவரை, ஒவ்வொரு சாவியையும் வெட்டியபின் நைஸ் அரத்தால் ஒரு இழுப்பு இழுத்து அந்த மேட்டைச் சமமாக்கித்தான் கொடுப்பாள்.

புதுச்சாவியை ஒரு தகட்டின் மறுபக்க விளிம்பில் வைத்து உரசினாள். மஞ்சள் கோடு விழுந்தது. இந்தப் பக்கம் எந்த இடத்தில் இருந்ததோ, அதே இடத்தில்.

அவள் கடையில், அவள் மெஷினில், வெட்டிய சாவி. ஆனால் அவள் வெட்டியதில்லை.

"தம்பி" என்றாள் மெதுவாக. "நம்ம மெஷின்ல சாவி வெட்டினா கடைசியா என்ன பண்ணணும்?"

வேலை கிடைக்கும்வரை அவளோடு இந்தக் கடையில் உட்கார்ந்தவன் அவன்.

"அரம் போட்டுப் பிசிறு எடுக்கணும்" என்றான். சொன்ன பிறகுதான் அவள் ஏன் கேட்டாள் என்று அவனுக்குப் புரிந்தது. கண்ணை மூடிக்கொண்டான்.

அரம் போடத் தெரியாதவர், ஆனால் மெஷினை ஓட்டத் தெரிந்தவர், அவள் கடைத்தெருவுக்குப் போனால் கடையில் உட்காருகிறவர், இந்த வீட்டில் ஒருவர்தான். மகளின் பள்ளிக்கூட வேனை ஓட்டுபவர், பிள்ளைகள் எல்லாம் 'வேன் மாமா' என்று சுற்றிச் சுற்றி வரும் அவள் கணவர்.

"எப்பத்திலேருந்து உனக்குத் தெரியும்?"

தம்பி கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னான். போன வருஷம் வேனுக்கு டயர் மாற்றும்போது முதுகு பிடித்துப் படுத்த படுக்கையாகக் கிடந்தாரே, அப்போது போட்ட ஊசிதான். டாக்டரம்மா ஒரு கட்டத்தில் இனிமேல் இது கூடாது, பழகிவிடும் என்று நிறுத்திவிட்டார். அதற்குப் பிறகு மாமா இவனிடம் வந்து கேட்டிருக்கிறார். இவன் மாட்டேன் என்றிருக்கிறான். மறுபடி கேட்கவில்லை. முதுகு தானாகச் சரியாகிவிட்டது என்று வீட்டில் எல்லோரும் நினைத்துக்கொண்டார்கள்.

"முந்தாநாள் வேன்ல சீட்டுக்கு அடியில டார்ச் தேடினேன். ஊசி கிடந்தது. உடைச்ச கண்ணாடிக் குப்பியும் கிடந்தது. எங்க ஆஸ்பத்திரி முத்திரை."

"நான் தூங்குற வீட்டுலயே இதெல்லாம் நடந்திருக்கு. எனக்கு ஏன்டா சொல்லல?"

"என்னன்னு சொல்வேன்? உன் புருஷன் திருடன்னு சொல்லவா? என் ஒருத்தன் வேலை போனாப் போகுது. உனக்குப் பொண்ணு இருக்கு."

அவளுக்கு அவனைக் கட்டிக்கொண்டு அழவேண்டும் போலவும் இருந்தது, ஓங்கி ஓர் அறை விடவேண்டும் போலவும் இருந்தது. இரண்டுக்கும் நேரமில்லை. தெருமுனையில் வேன் ஹாரன் கேட்டது. மதியச் சாப்பாட்டுக்கு வருகிறார்.

வேன் வாசலில் வந்து நின்றது. அவர் இறங்கியதைப் பார்த்தாள். ஒரு காலத்தில் கதவைப் பிடித்து, பல்லைக் கடித்து, ஒவ்வொரு காலாக எடுத்து வைத்தவர். இப்போது பையன் மாதிரி குதித்து இறங்கினார். எத்தனை நாள் இதைப் பார்த்து சாமியைக் கும்பிட்டிருக்கிறாள்!

"என்ன, அக்காவும் தம்பியும் மூஞ்சியைத் தூக்கி வச்சிருக்கீங்க? பசிக்குது. சாப்பாடு போடு. அப்புறம் பிள்ளைங்களைக் கூப்பிடப் போகணும்."

மேஜையைப் பார்த்துவிட்டார். பிரித்துப் பரப்பிய பூட்டையும், வெள்ளைத் தட்டையும், பக்கத்தில் புதிதாக வெட்டிய பித்தளைச் சாவியையும்.

சிரிப்பு உதட்டில் அப்படியே காய்ந்தது.

"வண்டிச் சாவியைக் குடுங்க" என்று கையை நீட்டினாள்.

"எதுக்கு?"

"குடுங்க சொல்றேன்."

"பிள்ளைங்க காத்துக்கிட்டு நிக்கும்டி. விளையாடாதே."

"அந்தப் பிள்ளைங்களுக்காகத்தான் கேக்குறேன். இன்னிக்கு ஊசி போட்டுக்கிட்டீங்களா இல்லையா?"

அவர் தம்பியைத் திரும்பிப் பார்த்தார். "நீ சொன்னியாடா?"

"அவன் சொல்லல. நீங்க வெட்டின சாவி சொல்லுச்சு. பிசிறு எடுக்காம வெட்டியிருக்கீங்க. பூட்டு முழுக்க உங்க கோடுதான்."

முழுப் பொய் ஒன்றைச் சொல்ல அவர் வாயைத் திறந்தார். அது வரவில்லை. ஷட்டர் தூணில் சாய்ந்தார்.

"உனக்கு என்ன தெரியும் அந்த வலி?" என்றார். "ராத்திரி நீ புரண்டு படுத்தா கட்டில் அசையும். அந்த அசைவுக்கே உயிர் போய்ட்டு வரும். கத்தினா நீ எந்திரிப்பேன்னு தலகாணியைக் கடிச்சுக்கிட்டுக் கிடப்பேன். ஒரு ஊசி போட்டா மனுஷனா நடக்க முடிஞ்சுது. வேலைக்குப் போக முடிஞ்சுது. நான் என்ன குடிச்சுக் கூத்தாடினேனா?"

"என்கிட்ட வலிக்குதுன்னு சொல்லியிருக்கலாம்ல?"

"சொல்லி? நீ ஏற்கெனவே ரெண்டு ஆள் வேலை பார்த்துக்கிட்டிருந்தே."

அது உண்மை. அதனால்தான் அவளுக்குச் சுருக்கென்று குத்திற்று. ஆனால் கையை மட்டும் அவள் மடக்கவில்லை. நீட்டியபடியே இருந்தாள்.

"நம்ம பொண்ணும் அந்த வண்டியிலதாங்க வர்றா."

அவர் அந்தக் கையைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். பிறகு அவளுக்குப் பின்னால் மேஜையைப் பார்த்தார்.

அடுத்து நடந்தது கண்மூடித் திறப்பதற்குள் நடந்தது. அவர் அவளைத் தாண்டிப் பாய்ந்து, மூடியிருந்த மண்ணெண்ணெய் டப்பாவைத் திறந்து, செய்தித்தாளோடு தகடுகளை வாரி உள்ளே கொட்டினார். இரண்டு உள்ளே விழுந்தன. மீதி தரையில் சிதறி உருண்டன. அவர் கை வெள்ளைத் தட்டுக்கு நீண்டபோது அவள் முந்திக்கொண்டாள். தட்டை மார்போடு அணைத்துக்கொண்டு சுவரோரம் ஒட்டி நின்றாள். அவளுடைய சேலையெல்லாம் கறுப்பாயிற்று.

"குடு அதை!"

"கிட்ட வராதீங்க!"

"கழுவிடுடி! இன்னியோட விட்டுடுறேன். சத்தியமா விட்டுடுறேன். கழுவிடு!"

"மாமா!" தம்பி நடுவில் வந்து விழுந்தான். "மாமா, வேணாம்..."

மூவரும் மூச்சுவாங்க நின்றார்கள். மண்ணெண்ணெய் மேஜைக்காலோரம் வழிந்து தரையில் பரவிக்கொண்டிருந்தது. தெருவில் போன ஒரு பெண் எட்டிப் பார்த்து, "பூட்டக்கா, என் கதவுப் பூட்டு ரெடியா?" என்று கேட்டாள்.

"நாளைக்கு வாங்க" என்றாள் பூட்டக்கா. குரல் எப்படி அத்தனை சாதாரணமாக வந்தது என்று அவளுக்கே தெரியவில்லை.

அந்தப் பெண் போனதும் வேன் மாமா தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். சட்டைப்பையிலிருந்து வண்டிச் சாவியை எடுத்து முன்னால் வைத்தார். பெரிய மனுஷன், பிள்ளைபோல் முழங்காலில் முகத்தை வைத்துக்கொண்டு அழுதார்.

அவள் தட்டை அலமாரிக்குள் வைத்துப் பூட்டினாள். கையைக்கூடத் துடைக்காமல் பள்ளிக்கூடத்துக்குப் போன் செய்தாள். "அவருக்கு உடம்பு முடியல. வேற வண்டி ஏற்பாடு பண்ணிடுங்க. ஆமா, எல்லாப் பிள்ளைங்களையும். இல்லங்க, நாளைக்கும் வரமாட்டார்." போனில் அவள் விரல்கள் கறுப்பாகப் பதிந்திருந்தன.

பிறகு கீழே உட்கார்ந்து, சிதறிய தகடுகளை ஒன்றொன்றாகப் பொறுக்கினாள். மண்ணெண்ணெயில் விழுந்த இரண்டும் சுத்தமாகிவிட்டன. மற்றவற்றில் கோடு இருந்தது. அவள் பொறுக்கும்போது கணவர் நகர்ந்து, தன் காலடியில் கிடந்த ஒரு தகட்டைத் தானே எடுத்து அவள் கையில் கொடுத்தார்.

அவள் வாங்கிக்கொண்டாள்.

சாயங்காலம் டாக்டரம்மா வந்தபோது கடையில் வெளிச்சம் போட்டிருந்தது. பக்கத்து வீட்டில் விளையாடச் சொல்லி மகளை அனுப்பியிருந்தாள். மேஜைமேல் தகடுகள் வரிசையாக, பக்கத்தில் வெள்ளைத் தட்டு.

"நெம்பலம்மா. சாவிதான்" என்றாள் பூட்டக்கா.

டாக்டரம்மா தம்பியைப் பார்த்தார்.

"அவன் சாவி இல்ல. உங்க சாவியும் இல்ல. மூணாவது ஒண்ணு, பித்தளைச் சாவி. இது அதுலேருந்து விழுந்த தூள். இந்தக் கோடு அது உரசினது." மூலையிலிருந்த மெஷினைக் காட்டினாள். "அந்தச் சாவியை வெட்டினது இந்த மெஷின்ல. என் கடையில."

"யாரு?"

அவள் வாய் திறக்குமுன் வேன் மாமா எழுந்தார். எழும்போது முதுகைப் பிடித்துக்கொண்டார்.

"நான்தாம்மா" என்றார். மடித்து வைத்திருந்த துணிப்பொட்டலத்தை மேஜைமேல் வைத்தார். பித்தளைச் சாவி. ஊசி. மீதியிருந்த குப்பிகள். "மச்சான் அசந்து தூங்கும்போது அவன் சாவியை எடுத்து வெட்டினேன். மத்தியானத்துல வேன்ல மருந்துப் பார்சல் கொண்டு வந்து இறக்குற சாக்குல உங்க மருந்து அறைக்கு வருவேன், யாரும் சந்தேகப்படல. அவனுக்கு இதுல சம்பந்தமில்ல. இவளுக்கும் தெரியாது."

டாக்டரம்மா கோபப்படுவார் என்று பூட்டக்கா நினைத்திருந்தாள். அவர் கோபப்படவில்லை. வேன் மாமாவின் கையைப் பிடித்து விளக்குக்குக் கீழே இழுத்து, இமையை விரித்துப் பார்த்தார். முழங்கை மடிப்பில் ஊசி குத்திய தழும்பைப் பார்த்தார். நீண்ட மூச்சு விட்டார்.

"ஊசியை நிறுத்தினப்போ, வலிக்கு வேற வைத்தியம் இருக்கு, வாங்கன்னு சொன்னேன். ஏன் வரல?"

அவர் சட்டைக் கையை இறக்கிவிட்டுக்கொண்டார்.

"இப்படித் திடீர்னு விட்டா உடம்பு தாங்காது. இன்னிக்கே அட்மிட் ஆகணும். போலீஸ் விஷயம் அப்புறம். அதை நான் மறைக்க முடியாது, மறைக்கவும் மாட்டேன். ஆனா நீங்களா வந்து ஒத்துக்கிட்டீங்கன்னு சொல்வேன்."

பூட்டக்காவுக்கு அதுவே போதும் போலிருந்தது. ஸ்டூலை இழுத்து உட்கார்ந்தாள்.

டாக்டரம்மா பொட்டலத்தைப் பிரித்துக் குப்பிகளைப் பார்த்தார். அவர் நெற்றி சுருங்கிற்று.

"இவ்வளவுதானா? மீதியெல்லாம் போட்டுக்கிட்டீங்களா?"

"ஆமாம்மா. ஒவ்வொண்ணா எடுப்பேன். பிரிச்சு வச்சிருக்கிற பெட்டியிலேருந்து."

"பிரிச்ச பெட்டியிலேருந்தா?"

"ஆமா. முத்திரை உடைக்காத பெட்டி எதையும் நான் தொட்டதில்ல. எடுத்தா உடனே தெரிஞ்சுடுமே."

டாக்டரம்மா குப்பியைக் கீழே வைத்தார்.

"காணாமப் போனது உதிரிக் குப்பி இல்ல" என்றார். "முத்திரை உடைக்காத பெட்டி. ரெண்டு. ஒரு மனுஷன் அத்தனையும் போட்டுக்கிட்டா செத்தே போயிருப்பான். அது விக்கிறதுக்கு எடுத்தது."

"என் பிள்ளை மேல சத்தியமா நான் இல்லம்மா" என்றார் வேன் மாமா. திகைத்துப்போய் மனைவியைப் பார்த்தார். அந்த முகத்தில் பொய் இல்லை. பதினாலு வருஷம் பார்த்த முகம், அவளுக்குத் தெரியாதா?

மூன்றாவது சாவி இவரிடம் இருக்கிறது. முதல் சாவி டாக்டரம்மாவிடம். மிச்சம் இரண்டாவது சாவி.

பூட்டக்கா மெல்லத் திரும்பினாள்.

தம்பி ஷட்டருக்குப் பக்கத்தில் நின்றிருந்தான். காலையிலிருந்து கழுவிடு, கழுவிடு என்று கெஞ்சியவன். டாக்டரம்மா சொன்னதுபோல அந்த முகத்தில் ஒன்றுமே தெரியவில்லை. செருப்பைக் காலால் துழாவிக்கொண்டிருந்தான்.

"உட்காருடா" என்றாள்.

"ஒரு நிமிஷம்க்கா. வெளியில போயிட்டு வந்துடுறேன்."

"உட்காருன்னேன்."

அவன் உட்காரவில்லை. ஒரு செருப்பு காலில் ஏறிவிட்டது. கண் தெருவைப் பார்த்தது.

பூட்டக்கா எழுந்து போய், அவனுக்கும் தெருவுக்கும் நடுவில் கையை உயர்த்தி ஷட்டரைப் பிடித்து இழுத்து இறக்கினாள்.